வீட்டோடு மாசு

நான் என் மாமனார் வீட்டில் மூன்று சதவீதம். மீதியெல்லாம் அவர்கள்.

வீடு விருத்தாசலத்துக்கு வெளியே, ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில், ஒரு மூசைக்குள் இருக்கிறது. மூசை என்பது பொடியைப் போட்டு உலையில் வைக்கிற வெள்ளைக் கிண்ணம். அதற்கு ஒரு மூடி உண்டு. மூடியைத் திறந்தால் வானம் தெரியாது. ஜெசிந்தா மேடத்தின் மூக்கு தெரியும். எங்களைச் சூடாக்குகிறவர் அவர்தான்.

நாங்கள் பொடி. பீங்கான் ஆகப்போகிற பொடி. வீட்டில் கூடம் உண்டு, சமையலறை உண்டு, கொல்லைப்பக்கம் குளியலறை உண்டு. எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படிந்திருப்பது தூசி அல்ல, உறவுக்காரர்கள். துடைக்கக் கூடாது. வந்த புதிதில் தெரியாமல் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஒரு சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. காப்பியிலும் மிதப்பார்கள். வடிகட்டினால் கோபித்துக்கொள்வார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். கடைசி வாயில் யாராவது நாக்கில் ஒட்டுவார்கள். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்காது.

கல்யாணப் பத்திரிகையிலேயே நான் கவனித்திருக்க வேண்டும். மணமகன் என்று இருக்க வேண்டிய இடத்தில் மாசு என்று அச்சாகியிருந்தது. மாசு, அருணகிரி. மணமகள், அரசி.

பெரிய மச்சான் தணிகாசலத்திடம் பத்திரிகையைக் காட்டினேன். அவர் அரசியின் அண்ணன். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"அச்சுப்பிழை மச்சான்."

"எங்க?"

"மாசுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"மாப்பிள்ளைன்னுல்ல வரணும்?"

"மத்த வீட்டுல மாப்பிள்ளை. எங்க வீட்டுல மாசு. வெளியேருந்து உள்ள சேக்குறோமில்ல?"

வெளியூரில் என்னைப் போன்றவர்களை வீட்டோடு மாப்பிள்ளை என்பார்கள். அதையும் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். இங்கே வீட்டோடு மாசு என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். மரியாதையோடு சொன்னார்கள். வாங்க மாசு, உக்காருங்க மாசு, மாசுக்கு இன்னும் ரெண்டு இட்லி வையி.

அவர்களுக்கு நான் தேவைப்பட்டேன். அதை மறைக்கவும் இல்லை. மூத்த பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீடு பக்கத்து மூசையில் இருந்தது. அங்கே வெளி ஆளைச் சேர்ப்பதில்லை. சுத்தமான குடும்பம் என்று பேர். சூடாக இருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். ஆறும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் உப்பினார்கள். யாரும் யாருக்கும் இடம் விடவில்லை. வீடு சுக்குநூறாக வெடித்தது. ஜெசிந்தா மேடம் பிரஷ்ஷால் பெருக்கி ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகுதான் என் மாமனார் மாசு தேட ஆரம்பித்தார்.

எங்கள் கல்யாணத்தில் அரசி அம்மி மிதித்தாள். அடுத்து என்னை அம்மியில் வைத்து அரைத்தார்கள். புரோகிதர் தண்ணீர் தெளித்தார். சொந்தக்காரப் பெண்கள் முறை வைத்துக் குழவியை இழுத்தார்கள். தணிகாசலம் மச்சான் என்னை இரண்டு விரலால் தொட்டு உரசிப் பார்த்தார்.

"இன்னும் நறநறங்குது," என்றார்.

இன்னும் கொஞ்சம் அரைத்தார்கள். பிறகு வழித்தெடுத்துக் குடும்பத்தோடு கலந்தார்கள். என் சுண்டுவிரல் ஒன்று சின்ன மச்சான் கோதண்டத்தின் சட்டைப்பையில் போய்விட்டது என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். கேட்டால் தேடிப் பார்க்கிறேன் என்பார்.

முதல் சூடு எண்ணூறு டிகிரி.

அதற்கு முன் வீட்டில் அவரவர் இஷ்டத்துக்குக் கிடந்தார்கள். மாமனார் வாசற்படியில் குறுக்கே படுப்பார். மாமியார் தலைமாட்டில் கோதண்டத்தின் கால் இருக்கும். சண்டை போட்டுக்கொள்வார்கள், அப்படியே தூங்கிவிடுவார்கள். ஒரு ஒழுங்கு கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது.

சூடு முடிந்து மூடியைத் திறந்தபோது எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஆள் ஒரே இடைவெளி. மேசை மேல் படிந்திருந்தவர்களும் கோடு கிழித்த மாதிரி நின்றார்கள். ஒருவர் திரும்பினால் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் தும்மினால் வரிசையாகத் தும்மினார்கள். அந்த ஈரம் என்மேல் தெறித்தது.

எனக்கும் வரிசையில் ஓர் இடம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் நிற்க வேண்டிய இடம். நான் அவர்களைவிடக் கொஞ்சம் பருமன். முழங்கையை வயிற்றோடு இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பாதி விட்டபடி நிற்க வேண்டியிருந்தது. அப்போதும் என் இரண்டு பக்கத்து ஆட்களும் கோணித்தான் நின்றார்கள். கோணுவதற்கு என்னைக் குறை சொன்னார்கள்.

என்னைச் சேர்த்ததில் இன்னொன்றும் நடந்தது. வீட்டில் ஒரு நாற்காலிக்கு ஆள் இல்லாமல் போயிற்று. நான் வந்தால் அப்படித்தான் ஆகுமாம். அந்தக் காலி நாற்காலி ஓர் இடத்தில் நிற்காது. தானாக அறை அறையாக நகர்ந்துகொண்டிருக்கும். அது வரும்போது அரசி போய் அதில் உட்கார்ந்துகொள்வாள்.

"நீங்க வந்ததுல எனக்கு இது ஒண்ணுதான் லாபம்," என்று ஒருமுறை சொன்னாள். அவள் சிரிப்பது எனக்குத் தெரிந்த ஒரே இடம் அந்த நாற்காலி.

ஜெசிந்தா மேடம் குடும்பத்தை எக்ஸ்ரே எடுத்தார். எங்கள் எக்ஸ்ரேயில் எலும்பு தெரியாது. மலைமலையாக முகடுகள் தெரியும். எங்கள் முகடுகள் பருமனாகவும் குட்டையாகவும் இருந்தன.

"மொழுக்குன்னு இருக்கு," என்றார். "இன்னும் சூடு வேணும்."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். வரிசை முழுவதும் குனிந்தது.

இரண்டாம் சூடு ஆயிரம் டிகிரி. அதில்தான் நாங்கள் கூட்டுக் குடும்பம் ஆனோம்.

அதுவரை வரிசை வரிசையாக இருந்தாலும் ஆளுக்கு ஓர் அறை இருந்தது. அறைக்கும் அறைக்கும் நடுவில் சுவர் இருந்தது. சூடு ஏறியதும் சுவர்கள் நகர்ந்தன. எப்போதும் ஒரே மாதிரிதான் நகர்ந்தன. பெரிய அறை பெரிதாகும், சின்ன அறை சின்னதாகும். வீட்டிலேயே பெரிய அறை தணிகாசலம் மச்சானுடையது.

முதலில் போனவர் கோதண்டம். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடித்திருந்தார். சுவர் வந்தது. ஒதுங்கினார். இன்னும் வந்தது. கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். அப்புறம் மூலை இல்லை. தணிகாசலம் மச்சான் தாடையைத் தடவிக்கொண்டார். அவருடைய ஒரு கன்னத்தில் மட்டும் முள்முள்ளாகத் தாடி இருந்தது. அது இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

அடுத்து மாமனார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கக்கூட இல்லை. மச்சான் ஓர் ஏப்பம் விட்டார். அதில் வெற்றிலை மணந்தது. மாமியார் கூடவே போனார். மாமனார் போகிற இடத்துக்கெல்லாம் போகிறவர் அவர். போகும்போது வெற்றிலைப் பெட்டியை மறக்கவில்லை. மேசை மேல் இருந்தவர்கள், அலமாரி மேல் இருந்தவர்கள், ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்தவர்கள் எல்லாரும் போனார்கள். மேசை பளிச்சென்று ஆயிற்று. இத்தனை நாள் அதைத் துடைக்க முடியாமல் தவித்தவன் நான். அந்தப் பளபளப்பைப் பார்த்தபோது எனக்கு வாந்திதான் வந்தது.

மச்சான் கூடம் முழுவதும் நிறைந்துவிட்டார். சட்டை போட முடியவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து கோதண்டத்தின் இருமல் கேட்கும். மாமனார் உள்ளேயிருந்து, "ஃபேன கொஞ்சம் போடுப்பா," என்பார். மச்சான் எல்லாருக்காகவும் சாப்பிட்டார். எல்லாருக்காகவும் வெற்றிலை மென்று, சிவப்பாகத் துப்பினார். என் இடம் அவருடைய அக்குளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வந்தது. அதில் யார் யாருடைய வியர்வை எது என்று பிரித்துச் சொல்லுமளவுக்கு எனக்குப் பழகிவிட்டது. பழகியதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

புது எக்ஸ்ரேயில் முகடுகள் ஊசிமாதிரி நின்றன. ஜெசிந்தா மேடத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"நல்லா சேந்துட்டீங்க," என்றார்.

மச்சான் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் பார்த்தார். ஆணி நிற்கவில்லை. எங்கள் சுவர்களில் எதுவும் நிற்காது. அடித்தால் பொலபொலவென்று உதிரும், ஆணி கையோடு வந்துவிடும். படத்தைத் தரையில் சாய்த்து வைத்தார். அரசிக்கும் இதே குறை உண்டு. ஒரு தினசரி காலண்டர் வாங்கி வைத்திருந்தாள். மாட்ட வழியில்லாமல் அது அவள் கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது.

இப்போது வீட்டில் மூன்று பேர் மிச்சம். மச்சான், நான், தன் சின்ன அறையில் அரசி.

மூன்றாம் சூடு ஆயிரத்து இருநூறு டிகிரி என்று அறிவித்தார்கள்.

அறிவித்த அன்று மச்சான் சாப்பிட்டு முடித்து, கை கழுவாமல், அரசியின் அறைச் சுவரில் சாய்ந்துகொண்டார். விரலிலிருந்த ரசத்தைச் சுவரில் தேய்த்தார். பிறகு சுவரை நக்கிப் பார்த்தார்.

"மெல்லிசாதான் இருக்கு," என்றார்.

"மச்சான், அது அரசியோட ரூம்."

"தங்கச்சி வேற நான் வேறயா?"

வயிற்றுக்குள்ளிருந்து மாமனார், "அதானே," என்றார்.

நான் ஜெசிந்தா மேடத்தைப் பார்க்கப் போனேன். மூடியின் ஓரத்தில் ஒரு விரிசல் உண்டு. அதன் வழியாக ஏறினால் ஆராய்ச்சிக்கூடத்து நடைவழி வரும். உலைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த நடைவழி சூட்டில் நீளும். காலையில் போனால் எதிரே கதவு தெரியும். நான் மதியம் போனேன். பாதி வழியில் ஒரு டீக்கடை வந்துவிட்டது. டீ குடித்தேன். அதில் யாரும் மிதக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படியே ஓடிப்போயிருக்கலாம். ஆனால் அரசி அந்த விரிசலில் ஏற முடியாது. அவள் மீதித் தொண்ணூற்றேழில் ஒருத்தி.

ஜெசிந்தா மேடம் உலையின் தலையில் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பாட்டைச் சுட வைத்துக்கொண்டிருந்தார். எங்களை அள்ளுகிற கரண்டியால் சாம்பார் சாதத்தைக் கிளறினார். கரண்டி நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது யாரென்று நான் பார்க்கவில்லை.

"யாரு?"

"மூணு சதவீதம்."

"மாசு சாரா? சாப்புடுறீங்களா?"

"வேணாம் மேடம். மூணாவது சூடு வேணாம்னு சொல்ல வந்தேன்."

"ஏன்?"

"என் சம்சாரத்த மச்சான் முழுங்கிடுவாரு."

அவர் கரண்டியை வைத்துவிட்டார். முகம் சுருங்கியது.

"முழுங்குறதுன்னு சொல்லக் கூடாது சார். வளர்ச்சின்னு சொல்லணும்."

"யாருக்கு வளர்ச்சி?"

"மொத்தத்துல."

"ஆயிரத்து நூறோட நிறுத்திக்கக் கூடாதா?"

"கத்திரிக்கா வெல கேக்குற மாதிரி கேக்குறீங்க."

"எனக்கு என்ன ஆகும்?"

"உங்களுக்கா? அவ்ளோ சூட்டுல உங்கள உள்ள வச்சிக்க மாட்டாங்க. வெளிய தள்ளிடுவாங்க."

"தெருவுக்கா?"

"சுவத்துக்கு."

"எந்தச் சுவத்துக்கு?"

"ரெண்டு ரூமுக்கு நடுவுல ஒரு சுவரு இருக்குல்ல, அதுக்கு. உள்ள போயி நின்னுக்கணும்."

"அங்க போயி என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா நின்னா போதும். மாசு நின்னா சுவரு நகராது." அவர் மறுபடியும் கரண்டியை எடுத்தார். "ஆனா பாதிப் பேரு சுவத்துக்கு வர்றதே இல்ல சார். பயந்துகிட்டு உள்ளயே ஒட்டிக்குவாங்க."

"வலிக்குமா?"

"யாரும் திரும்பி வந்து சொல்லலியே."

"திரும்பி வரவே முடியாதா?"

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். பல்லில் ஏதோ நறநறவென்றது. துப்பவில்லை. முழுங்கினார்.

திரும்பி வரும்போது நடைவழி இன்னும் நீண்டிருந்தது. டீக்கடையை மூடிவிட்டார்கள்.

மச்சான் எனக்காகக் காத்திருந்தார். அக்குளைத் தூக்கி வழிவிட்டார்.

"எங்க போயிட்டு வரீங்க, மாசு?"

"சும்மா காலாற."

"தெரியும். அந்தம்மா சுவத்துல போயி நில்லுன்னிருக்கும்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதெல்லாம் வேணாம். உள்ள வந்துடுங்க. கோதண்டத்துக்குப் பக்கத்துல இடம் போட்டுத் தர்றேன். பெரிய இடம். கைய கால நீட்டிக்கலாம்."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கையை நீட்டியதில்லை. முழங்கை இரண்டும் வயிற்றில் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. அவர் சொன்னதும் எனக்கு ஆசை வந்தது. உண்மையாகவே வந்தது. உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள், வேளாவேளைக்கு அவர் சாப்பிடுவது எனக்கும் சேரும் என்றெல்லாம் நினைத்துப் பார்த்தேன். வாயில் எச்சில் ஊறியது. சீ என்றிருந்தது. மச்சான் மேல் வந்த அருவருப்பைவிட என் மேல் அதிகம் வந்தது.

"யோசிச்சு சொல்றேன் மச்சான்," என்றேன்.

அரசியின் அறைக்குள் போனேன். அவள் காலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காலண்டர்.

"என்ன சொன்னாங்க?"

"ஆயிரத்து இருநூறுதான்."

"சரி."

"என்ன சரி? உன்ன முழுங்கப் போறாரு."

"எங்கண்ணன்தானே."

"அரசி!"

"எல்லாரும் அங்கதான் இருக்காங்க. நான் மட்டும் தனியா இருந்து என்ன பண்ணப் போறேன்? பழகிடும்."

பழகிவிடும் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவள் மேலும் அருவருப்பாக இருந்தது. இவளும் அவர்களில் ஒருத்திதான், நான்தான் மறந்துபோனேன் என்று நினைத்தேன். வெளியே போய் மச்சானிடம் சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"அரசீ."

அவள் அசையவில்லை. காலண்டரை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்புடுறாங்க, பதில் சொல்லு."

"யாரு கூப்புட்டது?"

"மாமா மாதிரி இருந்துச்சு."

"எனக்குத் தெரியல. மொதல்ல அப்பா குரல் தனியா தெரியும். அம்மா குரல் தெரியும். இப்ப எல்லாம் அண்ணன் குரல் மாதிரியே ஆயிட்டு வருது. நேத்து கூப்புட்டப்ப அம்மான்னு நெனச்சு ஓடிப் போனேன். அண்ணன் வாயத் தெறந்து வச்சிக்கிட்டு நின்னுச்சு."

நான் நாற்காலிக்குக் கிட்டே போனேன்.

"எனக்கு உள்ள போக வேணாங்க," என்றாள். "என் பேர யாரு கூப்புடுறாங்கன்னு எனக்குத் தெரியணும்."

நாற்காலி மெல்ல நகர ஆரம்பித்தது. அவள் அதில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வரைக்கும் போனாள். நான் கூடவே நடந்தேன். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை, மூசையின் வெள்ளை விளிம்புதான். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை மூடியைப் போட்டார்கள்.

முதலில் தரை சுட்டது. பிறகு எது சுடுகிறது என்றே தெரியவில்லை. வீடு சிவந்தது, மஞ்சளாயிற்று, அப்புறம் நிறம் என்று ஒன்றும் இல்லாமல் போயிற்று. சூட்டில் மச்சானுக்குப் பசி எடுக்கும். வயிறு கடமுடவென்றது. உள்ளே மாமியார் தட்டுகளை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

என் இடம் சுருங்கியது. அக்குள் என்னை நெருக்கியது. மயிர் முகத்தில் ஒட்டியது. வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கடைசியா கேக்குறேன் மாசு," என்றார் மச்சான். வாயைத் திறந்து காட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது. கோதண்டம் ஒரு பாயை விரித்து, தட்டிவிட்டு, எனக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். என் சுண்டுவிரலை எடுத்து ஆட்டிக் காட்டினார். அவரிடம்தான் இருந்திருக்கிறது.

நான் கம்பியை விட்டேன்.

அக்குள் என்னைப் பிதுக்கித் தள்ளியது. வழுக்கிக்கொண்டு போய் அரசியின் அறைச் சுவரில் விழுந்தேன். சுவருக்குள் போவது கூட்டமான டவுன் பஸ்ஸில் ஏறுவது மாதிரிதான். இனி இடமே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். பிறகு பார்த்தால் ஏறியிருப்போம். என் முதுகு மச்சானின் பக்கம் இருந்தது. முகம் அரசியின் பக்கம் இருந்தது. முழங்கைகளை விரித்தேன். எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் விரித்தேன். இரண்டு பக்கமும் சுவரின் கடைசி வரைக்கும் போய் நின்றது.

மச்சான் சுவரில் சாய்ந்தார். சுவர் நகரவில்லை. இன்னொரு முறை நன்றாக முட்டுக்கொடுத்துச் சாய்ந்தார்.

"நகருங்க மாசு."

"முடியல மச்சான்."

"அடம் புடிக்காதீங்க."

"நான் ஒண்ணும் பண்ணல மச்சான். சும்மா நிக்கிறேன்."

என் தோளில் அவருடைய வாய் பதிந்தது. நக்கினார். பல்லால் சுரண்டினார். வெற்றிலை எச்சில் என் முதுகில் வழிந்து இடுப்பு வரைக்கும் இறங்கியது. துடைத்துக்கொள்ள எனக்குக் கை இல்லை. வாந்தி எடுத்தால் அரசியின் கட்டில் மேல்தான் விழும் என்று அடக்கிக்கொண்டேன்.

உள்ளே குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மாமனாரின் குரல் வந்தது. இல்லை, அவர் குரல் மாதிரி ஒன்று வந்தது.

"மாப்பிள்ளை."

அந்த வீட்டில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. என்னை அறியாமல் காது அந்தப் பக்கம் திரும்பியது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வழி விடுங்களேன்," என்றது மாமியார் மாதிரி ஒரு குரல்.

"எங்க வீட்டு மாப்பிள்ளை," என்றது இன்னொன்று.

"தங்கமான மாப்பிள்ளை," என்றார் மச்சான். எல்லாக் குரலும் அவருடையதாகத்தான் இருந்தது. சூட்டில் என் முழங்கை ஒன்று தளர்ந்தது. சுவர் ஒரு நூல் உள்ளே வளைந்தது. கட்டிலில் அரசி கால்களை இழுத்துக்கொண்டாள். காலண்டர் கீழே விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள், அல்லது சுவரைப் பார்த்தாள்.

"மாசுதான் மச்சான்," என்றேன். "பத்திரிகையில நீங்கதானே போட்டீங்க."

முழங்கையை மறுபடியும் விரித்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை.

சூடு இறங்கியது. ஆறும்போது மச்சான் உப்பினார். என்னை வெளியே தள்ளிவிட்டதில் அவருக்குள் மாசு என்று ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தார். தோளில் படீரென்று ஒரு விரிசல் விட்டது. அதன் வழியாகக் கோதண்டம் எட்டிப் பார்த்து மழிக்காத தாடையைச் சொறிந்துவிட்டு உள்ளே போனார்.

மூடி திறந்தது. மூக்கு தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். பெரிய முகடுகளுக்கு ஓரமாக, யாரோ தெரியாமல் பேனா பட்டுவிட்ட மாதிரி, குட்டியாக ஒன்று நின்றது. அது நான்.

"மாசு வெளிய வந்துடுச்சி," என்றார் ஜெசிந்தா மேடம். "வளர்ச்சி நின்னுபோச்சி."

அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று மூக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. மூடியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அரசி கட்டிலை விட்டு இறங்கினாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். சின்ன அறைதான், ஆனால் முழுசாக இருந்தது. சுவருக்குக் கிட்டே வந்து உள்ளங்கையை வைத்தாள். அது என் மோவாய்.

"என்னங்க?"

"ம்."

"நீங்கதான் பேசுறீங்களா?"

"நான்தான்."

"குரல் உங்க குரலாத்தான் இருக்கு." கையை எடுக்கவில்லை. "எப்ப வெளிய வருவீங்க?"

நான் கேட்டபோது ஜெசிந்தா மேடம் பதில் சொல்லவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

முதுகில் மச்சான் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மழிக்காத கன்னம். மூச்சு விடும்போதெல்லாம் முள் குத்தியது. எச்சில் காய்ந்து தோல் இழுத்தது. இனிமேல் இது இப்படித்தான் என்று தெரிந்தது. எனக்கு இதில் பெருமையாக ஒன்றும் இல்லை. அருவருப்பாகத்தான் இருந்தது.

காலி நாற்காலி நகர்ந்து வந்து சுவர் ஓரமாக நின்றது. அரசி அதில் ஏறினாள். ஒரு கையில் ஆணி, மறு கையில் அடிக்க ஒரு பூட்டு. சுத்தியல் அவள் வீட்டில் என்றும் இருந்ததில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"என் நெத்தி அது."

"அங்கதாங்க வெளிச்சம் படுது."

அடித்தாள். உதிரவில்லை. இன்னொரு முறை அடித்தாள். ஆணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அந்த வீட்டில் ஒரு ஆணி நின்றது அதுதான் முதல் தடவை. காலண்டரை மாட்டிவிட்டு, பழைய தாள்களையெல்லாம் மொத்தமாகக் கிழித்துக் கீழே போட்டாள். புதுத் தாள் என் கண்களை மூடிக்கொண்டது. பேப்பர் வாசனை வந்தது. வெற்றிலை வாசனைக்கு அது எவ்வளவோ மேல்.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கிப் பின்னால் தள்ளிப் போகிற சத்தம் கேட்டது.

"ஏங்க, காலண்டர் சாஞ்சிருக்கா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நேராத்தான் இருக்கு," என்றேன்.